ஆகஸ்ட் முப்பத்தொன்றிலிருந்து ஒரு மாதம்

அந்த அக்டோபர் முதல் தேதி காலையில் என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எட்டாவது மாதம். முடிச்சூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறைக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அலுவலக மீட்டிங்கில் இருந்தேன். கேமராவை அணைத்து வைத்திருந்தேன். பல மாதங்களாக அப்படித்தான். நான் கர்ப்பமாக இருப்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஆறேழு பேர். சின்ன மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில். எனக்கு முன்னால் அங்கே இருந்த ஒரு பெண், பிள்ளை உண்டாகியிருப்பதைச் சொன்ன பிறகு அடுத்த ஒப்பந்தத்தில் இல்லாமல் போனாள். காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு, கேமராவையும் மூடிக்கொண்டு இருந்தேன். வளைகாப்புக்கு அம்மா வீட்டில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள்தான் காட்டிக்கொடுக்கப் பார்த்தன. டைப் அடிக்கும்போதெல்லாம் கலகலத்தன. “என்னம்மா அங்க சத்தம்?” என்று கம்பெனி முதலாளியான சார் ஒருமுறை கேட்டார். “பாத்திரம் சார்” என்றேன்.

மீட்டிங் முடிந்த கையோடு சாரின் போன் வந்தது.

“படப்பை மெட்டர்னிட்டி கிளினிக்ல இருந்து சிஸ்டர் கத்தறாங்கம்மா. நம்ம சாஃப்ட்வேர் தப்பான தேதிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்காம். நீ பக்கத்துலதானே இருக்கே, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடேன். போன்ல பேசினா சமாதானம் ஆக மாட்டாங்க.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். “சரி சார்” என்றேன்.

என் கணவருக்கு ஒரகடத்தில் வேலை. கார் உதிரிபாகங்கள் செய்கிற தொழிற்சாலை. அன்று இரண்டாவது ஷிப்ட். போகிற வழியில் என்னைப் படப்பையில் இறக்கிவிடச் சொன்னேன். அவர் வண்டியை நகரவிட்டாரா, தள்ளிக்கொண்டு போனாரா என்று தெரியாத வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று, திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “எதுக்கு இதெல்லாம்? இன்னிக்கு சொல்லிடு” என்றார். “சொல்றேன், சொல்றேன்” என்றேன்.

போகும்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்தபடி போனில் அந்தக் கிளினிக்கின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அன்று வரச் சொல்லி எஸ்எம்எஸ் போயிருந்த பெண்கள் எல்லாரும் இதற்கு முன் வந்தது ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி.

நாங்கள் எழுதும் பிஎச்பி என்கிற கணினி மொழியில் வருங்காலத் தேதியைக் கணக்கிடுவது மிகவும் சுலபம். ஒரு தேதியைக் கொடுத்து, அதன் பக்கத்தில் ‘ப்ளஸ் ஒன் மந்த்’ என்று பேச்சு ஆங்கிலத்தில் எழுதினால் போதும், அடுத்த மாதத்தின் அதே தேதி கிடைத்துவிடும். மார்ச் பத்தைக் கொடுத்தால் ஏப்ரல் பத்து. ஆனால் ஆகஸ்ட் முப்பத்தொன்றைக் கொடுத்தால் அது செப்டம்பர் முப்பத்தொன்றுக்குப் போகப் பார்க்கும். அப்படி ஒரு நாளே கிடையாது. கிடையாது என்று நம்மிடம் சொல்லவும் சொல்லாது. செப்டம்பர் முடிந்த பிறகு இன்னும் ஒரு நாள் தள்ளி, அக்டோபர் முதல் தேதியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். பிழை என்று ஒரு வரிகூடத் திரையில் வராது. அந்தப் பகுதியை எழுதியவர் எப்போதோ பெங்களூருக்குப் போய்விட்டார். கிளினிக்கில் அதை ஜூலை மாதம்தான் போட்டோம். ஜூலை முப்பத்தொன்றுக்கு ஆகஸ்ட் முப்பத்தொன்று சரியாகவே வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

கிளினிக் வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது, கூட்டம் இல்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சிஸ்டர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. என்னைப் பார்த்ததும், “ஸ்கேன் இன்னிக்கு இல்லம்மா, நேத்தோட முடிஞ்சுது” என்றார்.

“நான் ஸ்கேனுக்கு வரல சிஸ்டர். சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்து வர்றேன்.”

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்ததையெல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரு மொதல்ல.”

விஷயம் இதுதான். ஸ்கேன் செய்கிற டாக்டரம்மா அந்தக் கிளினிக்குக்கு மாதத்தின் கடைசி நாளில் மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் வேறு வேறு ஊர்களில் இருப்பார். முந்தைய நாள் அவர் வந்து, பாதி நேரம் ஆளில்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்குக் காலையில் எட்டு மணியிலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். மணிமங்கலத்திலிருந்து, சாலமங்கலத்திலிருந்து, உள்ளே இருக்கிற சின்ன ஊர்களிலிருந்து. பஸ்ஸில், வண்டியில், வெறும் வயிற்றோடு சிலர். எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார் சிஸ்டர். ஒருத்தி மட்டும் போகவில்லை.

ஸ்கேன் அறையின் பூட்டிய கதவுக்கு எதிரே, தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கலாம். ஐந்தாவது மாதம். மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. பக்கத்தில் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

“எழுந்து பெஞ்சுல உக்காரும்மா” என்றார் சிஸ்டர்.

“நான் எயுந்தா கெளம்ப சொல்லுவீங்க. இங்கியே குந்திகினு இருக்கேன்.”

“டாக்டர் இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும்?”

“மெசேஜ் யாரு போட்டது? நானா போட்டேன்? இன்னிக்கு வான்னு போட்டீங்க, வந்துகீறேன். இப்ப போன்னா இன்னா அர்த்தம்?”

அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான். ஆனால் என்ன சொல்வது? செப்டம்பருக்கு முப்பது நாள்தான் என்றா? நாற்காலியிலிருந்து எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். அவள் அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தாள்.

“உன்னையும் இன்னிக்குத்தான் வரச் சொன்னாங்களாக்கா?”

“இல்ல. அந்த மெசேஜ் அனுப்பற கம்ப்யூட்டர் வேலை என்னோடதுதான்” என்றேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. துணிப்பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள். “போன தபாவும் இப்பிடித்தான்க்கா. அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வான்னு வேற ஒரு எடத்துல அலைய வுட்டாங்க. அப்பால பாத்தா கொயந்தைக்கு துடிப்பே இல்லன்னுட்டாங்க. ஆறு மாசம். அதான் நான் இந்த தபா போ மாட்டேன்.”

சிஸ்டருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். நான் அந்தச் சின்னக் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நான்காவது முறை போன் எடுக்கப்பட்டது. டாக்டரம்மா அன்று குன்றத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருந்தார். நாலு மணிக்குள் வந்தால் பார்க்கிறேன் என்றார்.

அந்த நேரம் பார்த்து என் போனில் சார். என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன், சிஸ்டரும் பேசட்டும் என்று. அது என் முட்டாள்தனம்.

“சார், உங்க மேல எனக்குக் கோவம்தான். ஆனா அதவிடக் கோவம் இதுக்கு” என்றார் சிஸ்டர். “எட்டு மாசப் புள்ளத்தாச்சியை வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கீங்களே, உங்க ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா?”

சார் கேட்டார், “யாரு புள்ளத்தாச்சி?”

நான் ஸ்பீக்கரை அணைத்து, “அப்புறம் பேசறேன் சார்” என்று வைத்துவிட்டேன். போனைப் பைக்குள் திணித்தேன். வளையல்கள் எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டன.

சிஸ்டரால் கிளினிக்கை விட்டு வர முடியாது. அந்தப் பெண்ணுக்குக் குன்றத்தூரில் இடம் தெரியாது, கணவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லோடு ஏற்றப் போயிருந்தான். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சிஸ்டர் தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார். வெளியே நின்ற ஆட்டோக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாமா இது, ரெண்டு பேரையும் பத்திரமா இட்டுகினு போய்ச் சேக்கணுமே. நாலு உசுரு கீது வண்டியில” என்றார். சோமங்கலம் வரைக்கும் அவர் ஒரு பள்ளத்தில்கூட இறங்கவில்லை. எதிரே வந்த தண்ணீர் லாரிகள்தான் ஒதுங்கின.

வழியெல்லாம் அந்தப் பெண் மணி கேட்டாள். ஏரி தெரிந்ததும் கேட்டாள், ரயில்வே கேட்டில் நிற்பதுபோல் வண்டிகள் தேங்கி நின்றபோது கேட்டாள். நான் சொன்னேன். எனக்கு உள்ளே வேறு ஒரு பதற்றம் ஓடிக்கொண்டிருந்தது. சார் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருப்பதுதான் கூப்பிடுவதைவிடப் பயமாக இருந்தது.

குன்றத்தூரில் ஸ்கேன் சென்டரின் ஜன்னலிலிருந்து முருகன் கோயில் மலை தெரிந்தது. அவள் உள்ளே போகும்முன் அந்தப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கதவு மூடியது. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், எழுந்தேன், சுவரில் ஒட்டியிருந்த எல்லாவற்றையும் படித்தேன். அவளுடைய ஊரும் பெயரும் எங்கள் பதிவில் ஒரு வரியாக எனக்கு முன்பே தெரியும். அந்த வரிக்கு நேரே ஒரு தேதி. இதுவரை நான் பார்த்ததெல்லாம் அவ்வளவுதான். இன்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் வயிற்றுக்குள் குழந்தை ஓங்கி உதைத்தது. எனக்கு அதில் சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது.

கதவு திறந்தது. வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைத்த டிஷ்யூவாலேயே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“கை, காலு, நெஞ்சு, எல்லாம் நல்லா கீதாம்க்கா. துடிப்பு சத்தத்தைக் கேக்க வுட்டாங்க. குதுர ஓடற மாதிரி கீது.”

திரும்பி வரும்போது அவள் ஆட்டோவிலேயே தூங்கிவிட்டாள். தலை என் தோளில் சாய்ந்திருந்தது. படப்பை கூட்டுரோட்டில் பஸ் ஏற்றிவிட்டேன். ஏறும்போது என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாரைச் சாயங்காலம் நானே கூப்பிட்டேன்.

“ஏம்மா சொல்லல?” என்றார்.

“சொன்னா ஜனவரியில ஒப்பந்தம் போட மாட்டீங்கன்னு நினைச்சேன்.”

அவர் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை. “எப்போ தேதி?” என்றார்.

“டிசம்பர் சார்.”

“டிசம்பர்ல எப்போ?”

அந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. உண்மையாகவே இல்லை. கடைசி மாதவிலக்கு என்றைக்கு என்பது எனக்குக் குத்துமதிப்பாகத்தான் தெரியும். நான் சொன்ன நாளை வைத்துக் கணக்கிட்டால் டிசம்பர் முதல் வாரம். ஆரம்பத்தில் எடுத்த ஸ்கேன்படி அதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளி. என் டாக்டர் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார். அம்மாவுக்கு நான் சொன்ன தேதிமேல்தான் நம்பிக்கை. கணவருக்கோ லீவு எழுதிக் கொடுக்க ஒரே ஒரு தேதி வேண்டும். “சூப்பர்வைசர் கிட்ட போய், ரெண்டு தேதி இருக்கு சார், எது வேணா நடக்கலாம்னு சொல்லவா?” என்று தினமும் கேட்டார்.

மறுநாளே திருத்த வேலையைத் தொடங்கினேன். முதலில் சிஸ்டரைக் கூப்பிட்டு, “உங்களுக்கு ஒரு மாசம் கழிச்சுன்னா என்ன?” என்று கேட்டேன்.

“இது என்ன கேள்வி? ஒரு மாசம் கழிச்சுன்னா ஒரு மாசம் கழிச்சுதான்.”

“அப்படி இல்ல சிஸ்டர். பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான். ஜனவரி முப்பத்தொன்னாந்தேதி வந்தவங்களை அடுத்து எப்போ வரச் சொல்லுவீங்க?”

அவர் யோசித்தார். “டாக்டரம்மா வர்ற நாளுக்குத்தான் வரச் சொல்லுவேன். பிப்ரவரி கடைசி நாள்.”

“இப்ப இருக்கற கணக்கு மார்ச் மூணாந்தேதி வரச் சொல்லும்.”

“அய்யய்யோ” என்றார் சிஸ்டர்.

அதன்பிறகு வேலை ஓடியது. ஸ்கேனுக்கு மாதத்தைக் கூட்டுவதையே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் எது என்று பார்த்து, அதன் கடைசி நாளை நேராக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். சாதாரணப் பரிசோதனைக்கு, அதே தேதி அடுத்த மாதத்தில் இல்லையென்றால் தாண்டிப் போகாமல் அந்த மாதத்தின் கடைசியிலேயே நிற்கும்படி எழுதினேன். ஞாயிறு வந்தால் சிஸ்டருக்கு ஒரு எச்சரிக்கை. எழுதியதைச் சோதிக்க ஒரு பொய்யான நோயாளி வேண்டும். வழக்கமாக வாயில் வந்த தேதியைப் போட்டுச் சோதிப்போம். நான் என்னுடைய கடைசி மாதவிலக்குத் தேதியைப் போட்டேன்.

அது ஒரு கெட்ட பழக்கமாகிவிட்டது. காலையில் கணினியைத் திறந்ததும் என் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளிப் போட்டுப் பார்ப்பேன், ஒரு நாள் பின்னால் தள்ளிப் போட்டுப் பார்ப்பேன். பிரசவத் தேதியும் அதற்கேற்ப முன்னும் பின்னும் நகரும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. ஒருநாள் கணவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “தினம் அதையே போட்டுப் பார்த்தா அது மனசு மாறி வேற சொல்லுமா?” என்றார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான்.

நவம்பரில் மழை. முடிச்சூரில் மழை என்றால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பதைவிடத் தெருமுனையைத்தான் பார்ப்பார்கள். அங்கே தண்ணீர் தேங்க ஆரம்பித்தால் வண்டிகளை மேட்டுக்கு நகர்த்தத் தொடங்குவார்கள். கீழ்வீட்டுக்காரர் பிரிட்ஜை நான்கு செங்கல்மேல் ஏற்றிவிட்டார். வலி எடுக்கிற நேரத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் இருந்தால்? கணவர் இரவு ஷிப்டில் இருந்தால்? அந்த வாரம் முழுக்க நான் எதையும் முழுதாகச் சாப்பிடவில்லை. கடைசியில், தேதி எதுவாக இருந்தாலும் இருக்கட்டும் என்று கணவர் என்னைக் கேளம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். இரண்டாவது மாடி, பக்கத்திலேயே மருத்துவமனை.

நான் போன மறுநாள் வெயில் அடித்தது. அதற்குப் பிறகும் அடித்தது. முடிச்சூர்த் தெருமுனையில் தேங்கியதும் வற்றிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் பிரிட்ஜை இறக்கிவிட்டதாகக் கணவர் போனில் சொன்னார். அவர் மட்டும் தனியாக முடிச்சூரில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில், நான் சொன்ன தேதி வந்தது. அம்மா அன்று குளித்து, விளக்கேற்றி, பையை எடுத்துக் கதவோரம் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பை அங்கேயே இருந்தது, நாங்கள் தாண்டித் தாண்டிப் போனோம். ஸ்கேன் சொன்ன தேதியும் வந்து போனது. டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றார். நான் ஓஎம்ஆர் சாலை தெரியும் பால்கனியில் நின்று, கம்பெனி பஸ்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடந்தால் வலி வரும் என்று யாரோ சொன்னார்கள். வரவில்லை.

படப்பைப் பெண் இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் செய்தாள்.

“அக்கா, உனுக்கு ஆச்சா?”

“இன்னும் இல்ல.”

“இன்னாக்கா இது, கம்ப்யூட்டர்ல கணக்கு போடற நீயே இப்பிடி சொன்னா நான் எங்க போவேன்? எனுக்கு மாசி மாசம்னு சொல்லிகீறாங்க. அதையும் நம்ப கூடாதா?”

சிரித்தேன். வைத்தபிறகு அழுகை வந்தது. ஏன் என்று சொல்லத் தெரியாத அழுகை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

லீவில் இருந்தாலும் நான் கணினியைத் திறந்துதான் வைத்திருந்தேன். சும்மா இருக்க முடியாததால்தான். ஒருநாள் முற்பகல் சிஸ்டர் கூப்பிட்டார். அடுத்த ஆண்டுக்கான நாட்களை முன்கூட்டியே பதிய வேண்டும், எப்படி என்று கேட்டார். திரையில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் முதுகின் அடியிலிருந்து ஒரு இறுக்கம் வந்து சுற்றிக்கொண்டது. வாக்கியத்தை நிறுத்தி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். போய்விட்டது. தொடர்ந்தேன்.

“அப்புறம் அந்தப் பச்சை பட்டனை…” என்று மறுபடியும் நின்றேன்.

“சொல்லும்மா.”

“ஒண்ணுமில்ல சிஸ்டர். அந்தப் பச்சை பட்டனைத் தொட்டா மாசம் வரும். அதுல…”

மறுபடியும் நாற்காலியை இறுகப் பிடித்தேன். சிஸ்டரின் குரல் மாறியிருந்தது. அக்டோபர் ஒன்றாம் தேதி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்ன அதே குரல்.

“இது மூணாவது தடவை நீ பாதியில நிறுத்தறே. காலையில இருந்து இப்படியா?”

“முதுகு வலி காலையிலேயே இருந்தது. படுக்கை சரியில்லைன்னு நினைச்சேன்.”

“படுக்கையாவது ஒண்ணாவது. கம்ப்யூட்டரை மூடு. அம்மாவைக் கூப்பிடு. போனை அவங்க கையில குடு.”

அம்மாவும் சிஸ்டரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா “ஆமாங்க, ஆமாங்க” என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் பையை எடுத்ததை மட்டும் பார்த்தேன். கணினியை மூடவில்லை. அது பாட்டுக்குத் திறந்தே கிடந்தது.

சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் மகள் பிறந்தாள். நான் சொன்ன தேதியிலும் இல்லை, ஸ்கேன் சொன்ன தேதியிலும் இல்லை. என் கணவர் எழுதிக் கொடுத்திருந்த லீவு அதற்கு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. ஷிப்டின் நடுவில் சொல்லிவிட்டு, ஒரகடத்திலிருந்து வண்டலூர் வழியாக யூனிபார்மோடு வந்து சேர்ந்தார். கையில் எண்ணெய்க் கறை. வாசலிலேயே நின்று, “கை கழுவிட்டு வரேன்” என்று போனார். வந்தார். குழந்தையைப் பார்த்தார். “இல்ல, இன்னும் போகல” என்று மறுபடியும் கழுவப் போனார்.

ஜனவரியில் ஒப்பந்தம் வந்தது. முழு வருடத்துக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு. பாதி வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார் சார். சண்டை போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். குழந்தை என்னைத் தொடர்ந்து எதையும் யோசிக்க விடவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அடுத்த மீட்டிங்கில் கேமராவைத் திறந்தே வைத்திருந்தேன். தோளில் குழந்தை தூங்கியது.

படப்பைப் பெண்ணுக்கு மாசி வரைக்கும் பொறுக்கவில்லை. தை மாதக் கடைசியிலேயே வலி எடுத்துவிட்டது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஆண் குழந்தை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அந்த நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கூப்பிட்டது நான்தான். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும், எடுக்கிற வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். “பால் குடிக்கிறான்க்கா” என்றாள் ஒருநாள். அடுத்த முறை, “வூட்டுக்கு வந்துட்டோம்க்கா” என்றாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். கணவர் கடைத்தெருவில் ஏதோ வாங்கிவிட்டு வருகிறேன் என்று எங்களை இறக்கிவிட்டுப் போனார். ஒற்றை அறை வீடு. மின்விசிறிக்குக் கீழே பாயில் அவளும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மாமியார் எழுப்பப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன்.

சுவரோரமாக உட்கார்ந்தேன். மகள் என் மடியில் விசிறியைப் பார்த்தபடி காலை உதைத்துக்கொண்டிருந்தாள். பாயில் அந்தப் பெண்ணின் பையன் வாய் திறந்து தூங்கினான். உள்ளங்கை அளவு முகம். மாமியார் மெல்லிய குரலில், இரண்டு இரவாக அவள் கண்ணை மூடவில்லை என்றார். நானும் மெல்லிய குரலில் எனக்கும் அப்படித்தான் என்றேன்.

அவள் கண் விழித்து என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

“எப்போ வந்தேக்கா? எயுப்பக் கூடாதா?”

“இப்பதான். தூங்கட்டும்னு விட்டேன்.”

கூந்தலை முடிந்துகொண்டே என் மகளை வாங்கிக்கொண்டாள். “அம்மாடி, இன்னா கனம்!” என்றாள். தன் பையனை எடுத்து என் கையில் வைத்தாள். கையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தான். ஆனால் பிடித்த விரலை விடவில்லை.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. நான் எழுவதற்குள் அவள், “டீ குடிச்சிட்டுத்தான் போவணும்” என்று மாமியாரைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் வாசல் பக்கம் திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்படி கணவரிடம் சொன்னேன்.